மூடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள்: வீடு பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எதையாவது எதனாலாவது மூடுவது பற்றித்தான். சுவரைப் பெனலால், தரையை டைலால், கூரையை ஜிப்சத்தால். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி (வாசகி, வெள்ளவத்தை): அக்கா, வருகிற ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், கனடாவில் இருந்து சொந்தக்காரர் எல்லாரும் வருகிறார்கள். எங்களுடையது கடற்கரைப் பக்கத் தொடர்மாடி. ஹோலில் டீவி இருக்கிற சுவருக்கு, இப்போது எல்லா வீட்டிலும் போடுகிற கோடு கோடான மரப் பெனல் போட்டு, மேலே ஜிப்சம் சீலிங் அடித்து மறைவெளிச்சம் கொடுக்க யோசிக்கிறோம். அந்தச் சுவரில் கீழ்ப்பக்கம் பெயின்ட் பொருமி உதிர்கிறது. பெனல் போட்டால் அது தெரியாது என்கிறார் வேலைக்காரர். சரிதானா?

பதில்: தெரியாது என்பது சரி, ஆனால் அங்கேயேதான் இருக்கும், இன்னும் பெருகும். பெயின்ட் பொருமுகிறது என்றால் சுவருக்குள் ஈரம் நடமாடுகிறது என்று அர்த்தம். அந்த ஈரம் இப்போது ஹோல் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து போகிறது, அந்தச் சுவரை மூடிப் பிவிசி பெனலை ஒட்டிவிட்டால் காய வழியில்லாமல் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெனல் என்றால் அதுவே ஊதிவிடும். கல்யாணத்துக்கு வீடு வடிவாகத்தான் இருக்கும், அடுத்த மழைக்காலம் முடிய ஒரு மக்கல் மணம் வரும், எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடாது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு சதுர அடி பொலித்தீனை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட்டுப் பாருங்கள். பொலித்தீனின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. ஹோல் பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஏசி குளிரில் சுவரில் படிகிறது. உள்ளே இருந்து வருகிறது என்றால் பின்பக்கம் பாத்ரூம் இருக்கிறதா, ஏசித் தண்ணீர்க் குழாய் போகிறதா, வெளிச்சுவரில் யன்னல் ஓரம் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சுவரில் வெள்ளை மாவு மாதிரிப் படிந்திருந்தால் அது உப்பு. பூசிய மணல் சரியாகக் கழுவப்படாத கடல்மணலாக இருந்தாலும் வரும், கடற்காற்றாலும் வரும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும், ஆகவே காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். ஒழுக்கை அடைத்து, பொருமின பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால், ஒரு மாதமாவது காயவிட்டுத்தான் பெயின்ட். கல்யாணத்துக்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறதா என்று இப்போதே நாட்காட்டியைப் பாருங்கள்.

சீலிங் விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. கடலோரத் தொடர்மாடிகளில் உப்புக் கொங்கிறீட்டுக்குள் ஊறி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்தட்டின் அடிப்பக்கத்தில் நேர்கோடாக வெடிப்பும் மண்ணிறக் கறையும் விழும். அப்புறம் துண்டு துண்டாகப் பெயரும். அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஜிப்சம் அடித்துவிட்டால் பத்து வருடத்துக்கு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆகவே சீலிங்குக்கு முன் தட்டு முழுவதையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள், அப்படி ஒரு கோடு இருந்தால் சீலிங்காரரை அல்ல, ஒரு சிவில் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சுகமாக இருந்தால்கூட முழு ஹோலுக்கும் சீலிங் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது நாலு முதல் ஆறு அங்குலம் உயரத்தைத் தின்னும். பேன் இறக்கை தரையில் இருந்து ஏழு அடிக்கு மேலே இருக்கவேண்டும், மேலே காற்று இழுக்கவும் இடம் வேண்டும். எட்டரை அடி ஹோலில் இதெல்லாம் சேர்ந்தால் பேன் சுற்றும், காற்று வராது. பேனை ஜிப்சத்தில் தொங்கவிடவே கூடாது, கொக்கி கொங்கிறீட்டில் இருக்கவேண்டும். மறைவெளிச்சம் ஆசையாக இருந்தால் டீவிச் சுவர் ஓரமாக மட்டும் ஒரு பெட்டி அடித்து எல்இடி ஓடவிடுங்கள். சொந்தக்காரருக்கு அதுவே போதும். மகளுக்கு என் வாழ்த்து.

கேள்வி (வாசகர், கொட்டாஞ்சேனை): எங்கள் வீடு தாத்தா காலத்தது. கபுக் கல் (செம்புரைக் கல்) சுவர், ஓட்டுக் கூரை, முழுவதும் சிவப்புச் சீமெந்துத் தரை. தரையில் சில இடத்தில் வெடிப்பு, நிறமும் கறுத்துவிட்டது. கொந்தராத்துக்காரர் மேலேயே இரண்டுக்கு நாலு அடி டைல் ஒட்டித் தருகிறேன் என்கிறார். அம்மாவுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். பழசு மேல் உள்ள பாசத்துக்காகச் சொல்லவில்லை, வேலை ரீதியாகவே அவர் பக்கம்தான் நியாயம்.

அந்தத் தரை எத்தனையோ வருடம் மெழுகு குடித்த தரை. மேலே அப்படியே பசை போட்டு டைல் ஒட்டினால் பிடிக்காது, சில காலத்தில் தட்டிப் பார்த்தால் உள்ளே பொந்தாகச் சத்தம் கேட்கும், பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒழுங்காகச் செய்வதென்றால் முழுத் தரையையும் உளியால் கொத்த வேண்டும். தரை ஒரு அங்குலம் வரை உயரும், அப்புறம் அத்தனை கதவுக்கும் அடி சீவ வேண்டும், வாசற்படி ஒன்று மட்டும் உயரம் குறைந்து வயசானவர்கள் தடுக்கி விழுவார்கள். அதோடு, அந்தக் காலத்து வீடுகளில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் பொலித்தீன் விரிப்பு போடுகிற வழக்கம் இல்லை. மண்ணின் ஈரம் சீமெந்து வழியாக மெதுவாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பளபளக்கும் டைலால் அதை அடைத்தால் ஈரம் பக்கத்தில் இருக்கும் கபுக் கல் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு பொருமும். அடுத்த வருடம் சுவருக்குப் பெனல் போட எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

இந்தத் தரை எப்படி ஏழைத் தரை என்று பெயர் வாங்கியது என்றும் கொஞ்சம் யோசியுங்கள். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு, எல்லார் வீட்டிலும் சீமெந்துதான். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து, வெளிநாட்டு டைல் வந்தது. டைல் போட்டவர் வசதியானவர், போடாதவர் வசதியில்லாதவர் என்று ஆகிவிட்டது, அந்த நினைப்பில்தான் கொழும்பில் எத்தனையோ நல்ல தரைகள் கொத்தப்பட்டன. அதே காலம் முழுவதும் ஜெப்ரி பாவா, நாட்டின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர், மினுக்கிய சீமெந்துத் தரையும் வெள்ளைச் சுவரும் உள்முற்றமுமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பகத்தலே வீதி 33ஆவது லேனில் அவர் வாழ்ந்த வீட்டை முன்கூட்டிப் பதிவு செய்து போய்ப் பார்க்கலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு திரும்பி வந்து டைல் விலை ஏறியபோது, இளம் ஆட்கள் மறுபடி சீமெந்துப் பக்கம் திரும்பினார்கள். இன்று மினுக்கிய சீமெந்துத் தரையையே ‘டைட்டேனியம்’ தரை என்ற பெயரில் புது வீடுகளிலும் கஃபேகளிலும் காசு கொடுத்துப் போடுகிறார்கள். உங்களிடம் அதைவிட நல்லது சும்மா கிடக்கிறது.

திருத்துவது இப்படி. முதலில் பழைய மெழுகை எடுங்கள், கறுப்பு பெரும்பாலும் அதுதான். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சிறு சிறு பகுதியாகத் தேய்த்துத் துடையுங்கள். மிஞ்சுகிற இடத்துக்குத் துணியில் டர்பன்டைன், யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு. பாத்ரூம் கழுவுகிற அமிலத்தைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், அமிலம் சீமெந்தை அரிக்கும். வெடிப்பை V வடிவில் கீறி, தூசி எடுத்து, நனைத்து, சிவப்பு ஒக்சைட் கலந்த சீமெந்துச் சாந்தால் நிரப்புங்கள். நிறம் அச்சொட்டாகப் பொருந்தாது, அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். வெடிப்பு அதிகமான அறையில் மட்டும் ஓரம் சுற்றிக் கறுப்புச் சீமெந்தில் ஒரு கரை கட்டலாம், பழைய வீடுகளில் அப்படியான கரை உண்டு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். நிரப்பிய இடத்தை ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். கடைசியில் சிவப்பு மெழுகு, மிக மெல்லியதாக, தேங்காய்ப் பொச்சு மட்டையால் தேய்க்க வேண்டியதுதான். அம்மா நடக்கிற வழியிலும் பாத்ரூம் வாசலிலும் மெழுகு வேண்டாம், வழுக்கும்.

மேசன் பாஸ் தேடும்போது சீமெந்துத் தரை போட்ட அனுபவம் உள்ள வயசான ஒருவரைத் தேடுங்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளில் பலர் டைல் மட்டுமே ஒட்டிப் பழகியவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்கள் படிக்கவில்லை. முடிந்தால் அந்த மூத்தவருக்குக் கையாளாக ஒரு இளைஞரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

கேள்வி (வாசகர், தெமட்டகொடை): அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மேல்மாடிக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. பகலில் இருக்க முடியாத வெக்கை. பாசி பிடித்துக் கறுத்துவிட்டது, பிரஷர் மெஷினால் கழுவிப் பெயின்ட் அடிக்கலாமா, இல்லை ஓடு போடுவதா?

பதில்: வஅலைக்கும் ஸலாம். பிரஷர் மெஷின் வேண்டவே வேண்டாம். அஸ்பெஸ்டஸ் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முழுத் தகடாக, உடையாமல், வெட்டாமல் இருக்கும்வரை நார் வெளியே வருவது குறைவு. அழுத்தத் தண்ணீரும் கம்பித் தூரிகையும் மேற்பரப்பை அரித்து அந்த நாரைத்தான் வெளியே எடுக்கும், அது காய்ந்து பக்கத்து வீட்டுக்கும் பறக்கும். நம் அரசாங்கம் 2018 தொடக்கத்தில் இறக்குமதியை நிறுத்துவதாக இருந்தது. அதற்குச் சற்று முன், 2017 டிசம்பரில், நம் தேயிலைப் பொதியில் வண்டு கண்டோம் என்று அஸ்பெஸ்டஸ் விற்கிற ரஷ்யா தேயிலையை நிறுத்தியது, இங்கே அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போனது. ஆகவே கடையில் இன்னும் விற்கிறார்கள் என்பதை வைத்து ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள்.

தகடு நல்ல நிலையில் இருந்தால் பாசியைத் தண்ணீர் தெளித்து நனைத்து மென்மையான துடைப்பத்தால் எடுத்து, வெள்ளை அல்லது வெளிர் நிறக் கூரைப் பெயின்ட் அடியுங்கள். அடியில் சீலிங் இல்லாவிட்டால் வெப்பம் தடுக்கும் அலுமினியத் தாள் விரித்துச் சீலிங் அடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் உள்ள சூடான காற்று வெளியே போக இரண்டு பக்கமும் துவாரம் விடுங்கள், அது இல்லாவிட்டால் பாதிப் பலன்தான். களிமண் ஓடு அழகுதான், ஆனால் அதற்குச் சரிவு கூட வேண்டும், மரமும் கூட வேண்டும், இருக்கிற சட்டத்தின் மேல் அப்படியே ஏற்ற முடியாது. என்றைக்காவது கழற்றும்போது நனைத்துவிட்டு, உடைக்காமல் இறக்கச் சொல்லுங்கள், வேலையாட்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். உடைந்த துண்டைத் தோட்டத்தில் பள்ளம் நிரப்பப் போடாதீர்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

கேள்வி (வாசகி, தெஹிவளை): குசினிக்குக் கறுப்பு நிறத்தில் பளபளப்பான பென்ட்ரி அலுமாரி செய்யப் போகிறோம். எம்டிஎஃப் நல்லதா, பிளைவுட்டா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நிறம் உங்கள் விருப்பம், ஆனால் கறுப்புப் பளபளப்பில் கைரேகையும் எண்ணெயும் மாவும் அப்படியே தெரியும், இடியப்பம் அவிக்கிற வீட்டில் தினமும் துடைக்க வேண்டி வரும். மங்கலான கறுப்பு கொஞ்சம் பொறுக்கும். எம்டிஎஃப் சிங்க்குக்குக் கீழே வேண்டாம், கொழும்பு ஈரப்பதனில் ஓரம் ஒரு இடத்தில் திறந்திருந்தால் பாண் மாதிரி ஊதும். கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் தாங்கும் தர பிளைவுட் அல்லது அலுமினியம். இன்னும் ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: கீழ்ப்பகுதி முழுவதும் செங்கல்லும் கொங்கிறீட் தட்டுமாகக் கட்டி உள்ளே டைல் ஒட்டி, கதவு மட்டும் மரத்தில். கறையானும் வராது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது, பத்து வருடத்தில் நாகரிகம் மாறினால் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அளவு எடுக்க வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மேடையின் உயரத்தை அவர்கள் வழக்கமாக 34, 36 அங்குலம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். முழங்கையை மடித்து நின்று, முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே எது வருகிறதோ அதுதான் சமைக்கிறவருக்குச் சரியான உயரம். அது 32 என்றால் 32தான். மேடையின் விளிம்பு அலுமாரிக் கதவைத் தாண்டி ஒன்றரை இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டி இருக்கட்டும், தேங்காய் துருவுகிற திருவலையைப் பூட்ட அந்த இடம் வேண்டும். புதுப் பென்ட்ரி போட்ட எத்தனையோ வீடுகளில் தேங்காய் துருவ ஒரு ஸ்டூலைத் தேடிக்கொண்டு பின்வாசலுக்குப் போகிறார்கள், இந்த இரண்டு அங்குலத்தை யாரும் நினைக்காததால். ப்ளக் பேஸ் எங்கெங்கே என்று டைலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள், எல்லாம் 13 அம்பியர் சதுரமுள் வகையாக, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அன்றைக்கே சோதியுங்கள்.

கேள்வி (வாசகர், பம்பலப்பிட்டி): தொடர்மாடியில் குசினிச் சுவரை உடைத்து ஹோலோடு சேர்த்தால் பெரிதாகத் தெரியும் என்று மனைவி சொல்கிறார். அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். உங்கள் உறுதிப் பத்திரம் உங்கள் வீட்டுக்கு மட்டும்தான், கட்டடத்தைத் தாங்குகிற பகுதிகள் எல்லாருக்கும் பொது, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டத்தின் அடிப்படையே அதுதான். தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுதிக் கேளுங்கள், எஞ்சினியரிடம் அது வெறும் தடுப்புச் சுவரா என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு வாரம் சமையலைக் கவனியுங்கள். மீன் பொரிக்கிற, மிளகாய் வறுக்கிற வீட்டில் திறந்த குசினி என்றால் சோபா முழுவதும் அந்த மணம் இருக்கும். புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்புகிற ஹூட் போட முடியுமென்றால் யோசிக்கலாம், வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறது நம் சமையலுக்குக் காணாது. நடுவழி ஒன்று: சுவரை மேல்பாதி மட்டும் எடுத்து, வழுக்கிச் சாத்துகிற கண்ணாடி யன்னல். மனைவிக்கு வெளிச்சம், உங்களுக்கு இருமல் இல்லை.

கேள்வி (வாசகி, வத்தளை): சாமியறைச் சுவர் விளக்குப் புகையில் கறுத்துவிட்டது. மார்பிள் மாதிரித் தெரிகிற பிவிசி ஷீட் ஒட்டலாமா?

பதில்: விளக்கு எரிகிற இடத்தில் பிவிசி கூடாது. சூட்டில் நெளியும், தீப்பிடித்தால் வருகிற புகை நஞ்சு. உண்மையான கிரனைட் துண்டு ஒன்றோ, மங்கலான டைலோ பின்னால் வையுங்கள், முழுச் சுவருக்கும் தேவையில்லை, விளக்கின் அகலத்துக்கு இரண்டு பங்கு, மேலே மூன்றடி போதும். திரி நீளமாக இருந்தால்தான் புகை அதிகம், கத்தரித்து விடுங்கள். இருக்கிற கரியை ஈரத்துணியால் துடைத்தால் பூசிக்கொண்டு போகும், முதலில் காய்ந்த ஸ்பொன்ஜால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி (வாசகர், மட்டக்குளி): சாம்பல் நிறப் பெயின்ட் இப்போதும் நாகரிகமா?

பதில்: போய்க்கொண்டிருக்கிறது, மண் நிறங்கள் வருகின்றன. அதைவிட, உங்கள் அறைக்கு வெளிச்சம் குறைவு என்றால் சாம்பல் நிறம் மழைநாளில் மனதைச் சோர்வாக்கும். பெயின்ட் மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள், 6500 கெல்வின் வெள்ளை பல்புக்குப் பதிலாக மஞ்சள் கலந்த 3000 கெல்வின் பல்பு. பழைய கதவுகளைச் சுரண்டுவதாக இருந்தால் மட்டும் கவனம், பழைய எனமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், காயவிட்டுத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, சின்னப் பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

கேள்வி (வாசகி, நுகேகொடை): நாங்கள் அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார். குறைந்த செலவில் எப்படி அழகாக்குவது?

பதில்: துணியில் செலவழியுங்கள் தங்கச்சி, வீடு மாறும்போது கூடவே வரும். மருதமுனைக் கைத்தறியில் திரைச்சீலைக்கும் கட்டில் விரிப்புக்கும் அருமையான பருத்தி நெய்கிறார்கள், நிறமும் துணிச்சலாக இருக்கும், பொலியெஸ்டர் மாதிரி அறையைப் புழுங்க வைக்காது. கொழும்பில் 1964இல் பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபுட் கடையில் கைத்தறி நிறங்களை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று சும்மா போய்ப் பாருங்கள், வாங்காவிட்டாலும் கண் பழகும். பனையோலைப் பெட்டிகளை அலுமாரிக்கு மேலே அடுக்கினால் சாமானும் மறையும். போத்தலில் மணிப்பிளான்ட் வைப்பதென்றால் தண்ணீரை வாரம் இருமுறை மாற்ற வேண்டும், நுளம்பு பெருக விட்டால் 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம், டெங்கு வந்தால் அதைவிடப் பெரிய துன்பம். மண்ணில் வைத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

திரைச்சீலை தைக்கக் கொடுப்பதற்கு முன் கைத்தறித் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள், முதல் தோய்ப்பில் சுருங்கும். அளவு எடுப்பது அதற்குப் பிறகுதான்.